பிக் பேர் கழுகுக் கூடு: குஞ்சு செத்தும் ஏன் யாரும் மரத்துல ஏறல?

2025 மார்ச் 13 ராத்திரி தெற்கு கலிஃபோர்னியா மலைப்பக்கம் பனிப்புயல் அடிச்சுது. அங்க ஒரு பைன் மரத்து உச்சியில ஜாக்கிங்கற வெண்தலைக் கழுகு தன்னோட மூணு குஞ்சையும் வயித்துக்கு அடியில வச்சுகிட்டு உக்காந்திருந்தது, முதுகு மேல பனி விழுந்துகிட்டே இருந்தது, உலகம் பூரா ஆளுங்க அதை லைவ்ல பாத்துகிட்டே இருந்தாங்க. மறுநாள் தீனி நேரத்துல ரெண்டு தலைதான் நிமிந்துச்சு. மூணாவது செத்துப்போச்சுன்னு கொஞ்ச நாள்ல கேமரா வச்ச அமைப்பே சொல்லிடுச்சு.

பாத்தவங்களுக்கு வந்த கோவம் ஒண்ணுதான், அவ்ளோ உயரம் ஏறி கேமரா மாட்டத் தெரிஞ்சவங்களுக்கு ஒரு குஞ்சை இறக்கிக் காப்பாத்தத் தெரியாதா. நியாயமான கேள்வி மாதிரிதான் இருக்கு. ஆனா அந்தக் கூட்டுல ஒரு சீசன் எப்படி ஓடுதுன்னு ஆரம்பத்துல இருந்து பாத்தா, ஏறாம விட்டதுதான் சரின்னு எனக்குப் படுது, கல்நெஞ்சுன்னு திட்டினாலும் பரவால்ல. எதனாலன்னு விலாவாரியாவே சொல்றேன்.

இடம் பிக் பேர் ஏரி. லாஸ் ஏஞ்சலஸ்க்கு கிழக்க சான் பெர்னார்டினோ மலைக்கு மேல, கிட்டத்தட்ட 7000 அடி உயரத்துல இருக்கு. கலிஃபோர்னியான்னதும் கடலும் வெயிலும்தான் ஞாபகம் வரும், இங்க ஜனவரி பிப்ரவரில பனிச்சறுக்கு ஆட வர்ற கூட்டம்தான் ஜாஸ்தி. கூடு இருக்கறது ஜெஃப்ரி பைன்ங்கற மரத்துல, தரையில இருந்து சுமார் 145 அடி மேல. ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் பிக் பேர் வேலிங்கற உள்ளூர் அமைப்பு 2015ல கேமரா வச்சாங்க, சோலார்ல ஓடுது, ராத்திரில கழுகு கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் வெளிச்சத்துல படம் எடுக்குது, மைக்கும் இருக்கு. (மைக்ல முதல் தடவை கேக்கறவங்க கொஞ்சம் ஏமாந்துதான் போவாங்க, இவ்ளோ பெரிய பறவை கீச்சு கீச்சுன்னு மெல்லிசா கத்தும். சினிமால கழுகு வரும்போது போடற அந்த கம்பீரமான கத்தல் பெரும்பாலும் சிவப்புவால் பருந்தோடது, கழுகுக்கு டப்பிங் குடுத்திருக்காங்க.)

ஜாக்கி 2012ல இதே பள்ளத்தாக்குல பொரிச்சதுன்னு நம்பறாங்க, அங்க பதிவான முதல் வெண்தலைக் கழுகுக் குஞ்சு அதுதான். அதுக்கு முன்னாடி இந்த ஏரிக்கு கழுகுங்க குளிர்காலத்துக்கு மட்டும் வந்துட்டுப் போகும், கூடு கட்டிக் குஞ்சு எடுத்ததா பதிவு இல்ல. ஷேடோ ரெண்டு வயசு சின்னது, 2018ல வந்து சேந்தான். அப்போ ஜாக்கிக்கு வேற ஜோடி இருந்தது, அந்த பழைய ஆண் கழுகை ஒதுக்கிட்டுதான் ஷேடோ உள்ள வந்தான். கழுகுன்னா சாகற வரைக்கும் ஒரே ஜோடின்னு சொல்றாங்களே, அது பாதி உண்மை. ரெண்டும் உயிரோட இருந்து வேற யாரும் வந்து மோதாம இருந்தா வருஷக்கணக்கா ஒண்ணாவே இருக்கும், ஆனா எல்லையும் கூடும் யார் கையில இருக்கோ அவங்கதான் ஜோடி. ரெண்டையும் ஒண்ணா பாத்தா யார் யாருன்னு ஈஸியா சொல்லிடலாம், பெருசா இருக்கறது ஜாக்கி. கழுகு இனத்துல பொண்ணுதான் பெருசு, ஆணை விட கால்வாசி கூட இருக்கும்.

2012 வரைக்கும் ஏன் ஒரு குஞ்சு கூட இல்லங்கறதுக்குப் பின்னாடி ஒரு பெரிய கதை இருக்கு, அதைத் தெரிஞ்சுக்காம இந்தக் கூட்டோட மதிப்பு புரியாது. ரெண்டாவது உலகப் போருக்கு அப்புறம் கொசுவுக்கும் பயிர்ப் பூச்சிக்கும் டிடிடிய கணக்கே இல்லாம அடிச்சாங்க. அது மழைத்தண்ணில கலந்து ஆத்துக்கும் கடலுக்கும் போயி, அங்க பாசி, அதைத் தின்ன சின்ன மீனு, அதைத் தின்ன பெரிய மீனுன்னு ஒவ்வொரு படியிலயும் சேந்து சேந்து கடைசியில மீன் தின்னற கழுகோட ஒடம்புக்கு வந்து சேரும்போது பல மடங்கு ஆயிடும். கழுகை அது நேரா கொல்லல. டிடிடி சிதைஞ்சு வர்ற டிடிஈங்கற பொருள், முட்டை ஓட்டுக்குப் போக வேண்டிய கால்சியத்தைப் போக விடாம தடுத்துடுச்சு. ஓடு மெல்லிசாப் போச்சு, அம்மா அடை உக்காந்தா அவளோட எடைலயே முட்டை நொறுங்கிடும். 1963ல அலாஸ்கா, ஹவாய் நீங்கலா மொத்த அமெரிக்காவுலயும் எண்ணிப் பாத்தப்போ கூடு கட்டற ஜோடி 417தான்.

இதுல தெற்கு கலிஃபோர்னியா நிலைமை இன்னும் மோசம். டிடிடி தயாரிச்ச மாண்ட்ரோஸ் கம்பெனி லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துலதான் இருந்தது, அதோட கழிவு சாக்கடை வழியா வருஷக்கணக்கா பாலோஸ் வெர்டெஸ் கடலுக்குப் போச்சு. எதிர்ல இருந்த சேனல் தீவுகள்ல 1960கள்லயே கழுகு இல்லாமப் போயிடுச்சு. 1972ல அமெரிக்கா டிடிடிய தடை பண்ணிச்சு, ஆனா கடலடி மண்ணுல தங்கினது அங்கயேதான் கிடந்தது. 1980ல அந்தச் சேனல் தீவுகள்ல ஒண்ணான கேட்டலினால வெளில இருந்து கழுகுங்களைக் கொண்டு வந்து விட்டாங்க, அதுங்க வளந்து கூடு கட்டிச்சு, முட்டையும் போட்டுச்சு, ஆனா முட்டை உடைஞ்சுகிட்டே இருந்தது. அதனால ஆளுங்க கூட்டுக்குப் போயி முட்டையை எடுத்துட்டு போலி முட்டையை வச்சுட்டு, நிஜ முட்டையை இன்குபேட்டர்ல பொரிக்க வச்சு குஞ்சைத் திரும்பக் கொண்டு போய் கூட்டுல வைப்பாங்க, வருஷா வருஷம் இதே வேலை. 2006ல அதே சேனல் தீவுகள்ல இன்னொண்ணான சான்டா க்ரூஸ்லதான் முதல் தடவையா மனுஷன் கை படாம ஒரு குஞ்சு பொரிச்சுது, அம்பது வருஷத்துக்கு மேல ஆயிருந்தது. ஆறு வருஷம் கழிச்சு பிக் பேர்ல ஜாக்கி.

நாடு பூரா பாத்தா மீட்சி பிரமாதமா இருக்கு. 2007ல அழியும் நிலைப் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க, 2021ல வந்த அரசாங்கக் கணக்குப்படி அலாஸ்கா, ஹவாய் தவிர்த்து 71,400 கூடு கட்டும் ஜோடி, மொத்தம் 3,16,700 கழுகு. இதுக்குப் பெரிய காரணம் டிடிடி தடையும் பாதுகாப்புச் சட்டமும், அதோட கேட்டலினால பண்ண மாதிரி கழுகுங்களைத் திரும்பக் கொண்டு வந்து விட்டதும்.

சரி, கூட்டுக்கு வருவோம். இலையுதிர் காலத்துலயே குச்சி சுமக்கற வேலை ஆரம்பிச்சுடும். ஷேடோவுக்கு குச்சின்னா ஒரு கிறுக்கு, தன்னை விட நீளமானதைக் கூட தூக்கிட்டு வந்து கூட்டுல குறுக்க போட்டுடுவான், ஜாக்கி அதை இந்தப் பக்கம் இழுப்பா, இவன் மறுபடி அந்தப் பக்கம் இழுப்பான், அலமாரிய எங்க வைக்கறதுன்னு சண்டை போடற எந்த வீட்டையும் நினைச்சுக்கலாம். வருஷா வருஷம் மேல மேல போட்டுகிட்டே போறதால கூடு பெருத்துகிட்டே போகும். ஃப்ளோரிடால 1963ல அளந்த ஒரு கூடு கிட்டத்தட்ட 3 மீட்டர் அகலம், 6 மீட்டர் ஆழம், எடை ரெண்டு டன்னுக்கு மேலன்னு கணக்கு போட்டாங்க. ஓரத்துல குச்சி வேலி, நடுவுல காஞ்ச புல்லும் பட்டையும் வச்சு கிண்ணம் மாதிரி ஒரு குழி, முட்டை அந்தக் குழிலதான்.

2025ல ஜனவரி 22, 25, 28னு மூணு நாளைக்கு ஒண்ணா மூணு முட்டை. பொரிச்சது மார்ச் 3, மார்ச் 4, மார்ச் 8. தேதியக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க, முதல் ரெண்டு முட்டைக்கும் நடுவுல மூணு நாள் இடைவெளி, பொரிக்கும்போது ஒரே நாள்தான். நம்ம வீட்டுக் கோழி எல்லா முட்டையும் போட்டு முடிச்ச பிறகுதான் அடை உக்காரும், அதனால எல்லாம் ஒரே நேரத்துல பொரிக்கும். கழுகு அப்படி இல்ல, முதல் முட்டையில இருந்தே உக்காரும், ஆனா ரெண்டாவது வர்ற வரைக்கும் முழுச் சூடு குடுக்காது, உறையாம மட்டும் பாத்துக்கும், கரு மெதுவாதான் வளரத் தொடங்கும். அதனால முதல் ரெண்டும் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைங்க மாதிரி ஒரே சைஸ்ல வந்துடும், மூணாவது முட்டைக்கு அந்தச் சலுகை கிடைக்கறதில்ல. புத்தகத்துல அடைக்காலம் 35 நாள்னு போட்டிருக்கும், இந்தக் குளிர்ல 38, 40ன்னு இழுக்குது.

அடை உக்காரும்போது வயித்துல இறகு விலகி வெறும் தோலு முட்டை மேல படற மாதிரி ஒரு இடம் இருக்கு, சூடு போறது அது வழியாதான். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி உக்காருவாங்க, ராத்திரி பெரும்பாலும் ஜாக்கி. ஒரு மணி ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை எழுந்து, கால் நகத்தை உள்ள மடக்கி கைய மூடின மாதிரி வச்சுகிட்டு முட்டை பக்கம் நடந்து, அலகால மெதுவா உருட்டி விடும். மீனைக் குத்திக் கிழிக்கற நகம் அது, மடக்காம ஒரு அடி வச்சா முட்டை காலி. எனக்கு மொத்த சீசன்லயும் ரொம்பப் பிடிச்ச காட்சி இதுதான், மடக்கின காலோட தத்தித் தத்தி நடக்கறது. அப்புறம் உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டி குழியில அமுங்கி உக்காரும், சுத்தி இருக்கற புல்லை அலகால இழுத்து இடுக்குல சொருகும். 2024 பிப்ரவரி புயல்ல ஜாக்கி 60 மணி நேரத்துக்கு மேல எழுந்திரிக்காம உக்காந்திருந்தா, பனி மூடி தலை மட்டும் வெளிய தெரிஞ்ச அந்தப் படம் அப்போ எல்லா நியூஸ்லயும் வந்துச்சு.

அவ்ளோ கஷ்டப்பட்டும் 2024ல மூணும் கூமுட்டை. 2023லயும் ரெண்டும் கூமுட்டை. கரு தரிக்காம போயிருக்கலாம், தரிச்சும் ஆரம்பத்துலயே குளிர்ல நின்னு போயிருக்கலாம், இவ்ளோ உயரத்துல காத்துல ஆக்ஸிஜன் கம்மிங்கறதும் முட்டைக்குள்ள மூச்சு விடற கருவுக்கு ஒரு சுமைதான். முட்டை கெட்டுப்போனது பறவைக்கு எப்படித் தெரியும்? தெரியாது. உடம்புல சுரக்கற ஹார்மோன் உக்காரச் சொல்ற வரைக்கும் உக்காரும், அது குறையக் குறைய எழுந்து போற நேரம் கூடும், கடைசில ஒருநாள் அண்டங்காக்கா வந்து தூக்கிட்டுப் போகும், அதோட முடிஞ்சுது. பாக்கறவங்க நம்பிக்கைய விடாத தாய்னு எழுதினாங்க, எனக்கு அது கொஞ்சம் ஓவராப் பட்டுச்சு. இதே அண்டங்காக்கா 2021ல நல்லா இருந்த முட்டைகளையே காலி பண்ணியிருக்கு, அதுக்கு அப்புறம் ஜாக்கி மறுபடி ஒரு ஈடு முட்டை போட்டு அதுவும் தேறல.

பொரிக்கறதும் ஒரு நாள் வேலை இல்ல. முட்டையோட அகலமான பக்கம் ஒரு காத்துப்பை இருக்கும், குஞ்சு முதல்ல உள்சவ்வைக் கிழிச்சு அதுல மூச்சு விட ஆரம்பிக்கும், அப்புறம் மூக்கு நுனியில இருக்கற சின்ன முள்ளு மாதிரி பல்லால ஓட்டுல ஒரு ஓட்டை போடும். ஓட்டை தெரிஞ்சதுல இருந்து வெளிய வர ஒரு நாளைக்கு மேல கூட ஆகும். வர்றது ஈரமான ஒரு சாம்பல் கலர் பஞ்சு உருண்டை, தலைய நிமித்தவே தெம்பு இருக்காது. அம்மா மீனைக் காலால மிதிச்சுகிட்டு நகக்கண் அளவு துண்டு கிழிச்சு, தலைய ஒரு பக்கமா சாய்ச்சு, வளைஞ்ச அலகு நுனி குஞ்சு கண்ணுல படாத மாதிரி நீட்டும். குஞ்சு குறி தவறி அம்மா தாடையக் கொத்தும், பக்கத்துல இருக்கறதைக் கொத்தும், காத்தைக் கொத்தும், நாலு தடவைக்கு ஒருதடவை வாயில போகும். தொண்டைக்குக் கீழ தீனிப்பை பந்து மாதிரி பொடச்சதும் அப்படியே முகம் குப்புற விழுந்து தூங்கும், முதல் தடவை பாத்தா செத்துப்போச்சுன்னே நினைப்பீங்க.

ரெண்டு மூணு குஞ்சு இருந்தா ஒண்ணை ஒண்ணு தலையில கொத்தறது முதல் ரெண்டு வாரத்துல சகஜம். பாக்கவே கொடுமையா இருக்கும். பெருசு சின்னதை நாலு கொத்து கொத்தி அடக்கி வச்சுட்டு முதல்ல தின்னும், அது வயிறு நிறைஞ்சு சாய்ஞ்சதும் சின்னதுக்கு வரும். கூட்டுல மீனு குவிஞ்சு கிடந்தா இந்தச் சண்டையால ஒண்ணும் ஆகாது. வரத்து குறைஞ்சாதான் கடைசிக் குஞ்சு பட்டினி கிடக்கும். கடைசி முட்டைங்கறது ஒரு வகையில இன்ஷூரன்ஸ், வருஷம் நல்லா இருந்தா தேறும், இல்லன்னா மத்ததுக்கு எதாவது ஆனா இது இருக்கும். பிக் பேர் ஏரி குளிர்ல ஓரம் உறைஞ்சு போகும், அப்போ மீனுக்குப் பதிலா ஷேடோ நாமக்கோழியப் பிடிச்சுட்டு வருவான், நம்ம ஊர் ஏரில நெத்தியில வெள்ளை நாமத்தோட நீந்துமே, அதோட அமெரிக்க சொந்தக்காரன்.

இப்போ அந்த மார்ச் 13 ராத்திரி. மூத்த குஞ்சுக்கு பத்து நாள், ரெண்டாவதுக்கு ஒன்பது, கடைசிக்கு ஒரு வாரம் கூட ஆகல. கழுகுக் குஞ்சுக்கு தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாத்திக்கற சக்தி ஏறக்குறைய ரெண்டு வாரத்துலதான் வரும், முதல்ல இருக்கற லேசான பஞ்சு உதிர்ந்து அடர்த்தியான ரெண்டாவது பஞ்சு அப்போதான் வந்து சேரும். அது வரைக்கும் அம்மா வயிறுதான் அடுப்பு. முதல் பஞ்சு நனைஞ்சுட்டா இருக்கறதுக்கும் இல்லாததுக்கும் வித்தியாசம் இல்ல. மூணு குஞ்சும் சேந்து அம்மாவுக்கு அடியில இருக்கும்போது ஒண்ணு ஓரத்துக்குத் தள்ளப்பட்டாலோ நனைஞ்சாலோ கொஞ்ச நேரம் போதும்.

இந்தக் கூட்டோட பழைய இழப்பையும் சேத்துப் பாத்தா இன்னொரு ஆபத்தான கட்டம் தெரியும். 2018லயும் 2019லயும் ஒவ்வொரு குஞ்சு புயல்ல விறைச்சு செத்துச்சு, ரெண்டும் அப்போ கிட்டத்தட்ட ஆறு வாரக் குஞ்சு. ஆறு வாரத்துல குஞ்சு அம்மாவுக்கு அடியில அடங்காத சைஸ்க்கு வந்துடும், ஆனா தண்ணி ஒட்டாத நிஜ இறகு இன்னும் பாதிதான் முளைச்சிருக்கும். அம்மா றெக்கையக் குடை மாதிரி விரிச்சுப் பிடிச்சாலும் பாதி உடம்பு வெளியதான். 2019ல அது நடந்தது மே மாசக் கடைசில, கீழ ஊர்ல கோடை ஆரம்பிக்கற நேரம்.

இனி ஏறாத கதை. 145 அடி மரத்துல ராத்திரி பனிப்புயல்ல ஒரு ஆள் ஏறறார்னு வச்சுக்குங்க, அவர் உயிருக்கே உத்தரவாதம் இல்லங்கறது இருக்கட்டும், அவர் பாதி உயரம் வர்றதுக்குள்ள ஜாக்கி பறந்துடும். பறந்த நிமிஷத்துல இருந்து மூணு குஞ்சும் வெட்டவெளிக் காத்துல. ஒண்ணைக் காப்பாத்தப் போயி மூணையும் இழக்கற கணக்கு இது. அதோட எந்தக் குஞ்சு எப்போ எந்த நிலைமையில இருந்ததுன்னு கேமரால பாத்துகிட்டிருந்த யாருக்கும் அப்போ தெரியாது, அம்மா அடியில மூடிதான் இருந்தது.

சட்டமும் இருக்கு. 1940ல வந்த வெண்தலைக் கழுகுப் பாதுகாப்புச் சட்டம், 1962ல பொன்னாங்கழுகையும் சேத்தாங்க, கழுகைக் கொல்றது மட்டும் இல்ல தொந்தரவு பண்றதும் குத்தம், கீழ விழுந்த ஒரு இறகை அனுமதி இல்லாம வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதும் குத்தம். முதல் தடவைக்கே தனி ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் வரைக்கும் அபராதம் போடலாம். கூடு இருக்கற சீசன்ல சுத்தியுள்ள காட்டுப் பகுதிய வனத்துறை மூடி வச்சுடுது. வனவிலங்கு அதிகாரிங்க பொதுவா வச்சிருக்கற கோடு இதுதான்: புயல், பசி, அண்டங்காக்கா, அண்ணன் தம்பி சண்டை எல்லாம் அதுங்க வாழ்க்கை, அதுல கை வைக்கறதில்ல. தூண்டில் நரம்பு சுத்திகிச்சு, கார்ல அடிபட்டுச்சுன்னு மனுஷனால வந்த ஆபத்துன்னா இறங்கலாம்.

கோடு எப்பவும் இவ்ளோ நேரா இருக்காதுங்கறதையும் சொல்லணும். தென்மேற்கு ஃப்ளோரிடால இதே மாதிரி பிரபலமான ஒரு கூட்டுல 2021ல ஒரு வாரக் குஞ்சு ரெண்டுக்கும் கண்ணுல இன்ஃபெக்ஷன் வந்து கண்ணே திறக்க முடியாமப் போச்சு. அனுமதி வாங்கி இறக்கி, சானிபெல் தீவுல இருக்கற வனவிலங்கு ஆஸ்பத்திரில மருந்து போட்டு சில நாள்ல திரும்பக் கூட்டுலயே வச்சாங்க, அப்பா அம்மா ஒண்ணும் நடக்காத மாதிரி தீனி குடுக்க ஆரம்பிச்சுதுங்க. அங்க ஏறும் வசதி இருந்தது, வானிலை நல்லா இருந்தது, மருந்து போட்டா சரியாயிடும்ங்கற வியாதி. இந்த மூணுல ஒண்ணும் மார்ச் 13 ராத்திரி பிக் பேர்ல இல்ல. அதே ஃப்ளோரிடா கூட்டுல 2023 பிப்ரவரி 2ந் தேதி ஹாரியட்ங்கற அம்மாக் கழுகு காணாமப் போச்சு, திரும்பவே இல்ல, குஞ்சு ரெண்டுக்கும் ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. எம்15ன்னு கூப்பிடற அப்பா தனியாளா காவலும் காத்து மீனும் பிடிச்சு ரெண்டையும் பறக்க விட்டுச்சு. அப்போ அவசரப்பட்டு குஞ்சுகளை இறக்கியிருந்தா அதுங்க காட்டுல வேட்டையாடக் கத்துக்க வேண்டியதை எல்லாம் கூண்டுல கத்துக்க வேண்டி வந்திருக்கும்.

பிக் பேர்ல மிச்சம் இருந்த ரெண்டுக்கும் உள்ளூர் பள்ளிப் பிள்ளைங்க ஓட்டுப் போட்டு சன்னி, கிஸ்மோன்னு பேர் வச்சாங்க, செத்த குஞ்சுக்கு மிஸ்டின்னு பேர். அதுக்கு அப்புறம் நடந்தது ஜாலியான பகுதி. பஞ்சு உதிர்ந்து கருப்பு இறகு முளைக்கும், கால் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத சைஸ்ல பெருத்துடும், சொந்தக் கால் தடுக்கி விழும். எச்சம் வந்தா பின்பக்கத்தைக் கூட்டு ஓரத்துக்குத் திருப்பி தூக்கி வெளிய பீச்சி அடிக்கும், கேமரா லென்ஸ் அந்தத் திசைல இருந்தா அன்னைக்கு ஒளிபரப்பு மங்கல்தான். பத்து வாரம் தாண்டினதும் றெக்கைய விரிச்சு அடிச்சு அடிச்சு ஒரு அடி ரெண்டு அடி எழும்பி விழும், பக்கத்துக் கிளைக்குத் தாவும், தாவினதும் எப்படித் திரும்பறதுன்னு தெரியாம முழிக்கும். தீனி கொண்டு வர்ற அப்பா மேல இதுங்க பாய்ஞ்சு பிடுங்கற வேகத்துல ஷேடோ மீனைப் போட்டுட்டு ஓட்டம் பிடிக்கறதும் உண்டு. ராத்திரில ஒரு பறக்கும் அணில் வந்து தூங்கற கழுகு பக்கத்துலயே கூட்டைக் கிளறிட்டுப் போகும், அதுக்கும் ரசிகர்கள் இருக்காங்க, ஃபியோனான்னு பேரே வச்சிருக்காங்க. ஜூன் முதல் வாரத்துல சன்னியும் கிஸ்மோவும் பறந்துடுச்சு.

கணக்கு போட்டா, ஜாக்கியும் ஷேடோவும் சேந்து முட்டை வச்ச 2019ல இருந்து 2025 வரைக்கும் ஏழு சீசன்ல கூட்டை விட்டுப் பறந்தது சிம்பா, ஸ்பிரிட், சன்னி, கிஸ்மோ, நாலே நாலு. நாலு சீசன் முழு நஷ்டம். நமக்கு இது சோகக் கதை மாதிரி தெரியுது, கழுகுக்கு இது ஓரளவு நல்ல கணக்குதான். நியூயார்க் மாநிலத்துல வளையம் போட்ட ஒரு வெண்தலைக் கழுகு 38 வயசு வரைக்கும் காட்டுல இருந்துச்சு, 2015ல ஒரு வண்டியில அடிபட்டுதான் செத்துச்சு. அவ்ளோ வருஷம் வாழற பறவைக்கு, வாழ்நாள்ல ரெண்டே ரெண்டு பிள்ளைங்க பெரியவங்களாகி கூடு கட்டினாலே இனம் குறையாது. அதனால குஞ்சு சாகறதை விட பெரிய பறவை சாகறதுதான் இனத்துக்கு அடி. பெரிய பறவைய கொல்றது எதுன்னு பாத்தா பெரும்பாலும் நம்மதான், வண்டி, மின்கம்பி, ஈயம். வேட்டைக்காரங்க சுட்டுட்டு விட்டுப் போற மான் குடல்ல ஈயத் துணுக்கு இருக்கும், அதைத் தின்னு விஷம் ஏறும். 38 மாநிலங்கள்ல 1,210 கழுகுகளைப் பரிசோதிச்ச ஒரு ஆய்வு 2022ல வந்துச்சு, கிட்டத்தட்ட பாதிக் கழுகோட எலும்புல நாள்பட்ட ஈய விஷம் இருந்தது. மரம் ஏறச் சொல்றவங்க கோவத்துல பாதி இந்தப் பக்கம் திரும்பினா ஈயத்துக்குப் பதிலா செப்புத் தோட்டா நாடு பூரா எப்பவோ வந்திருக்கும், கலிஃபோர்னியால ஏற்கனவே 2019ல இருந்து வேட்டைக்கு ஈயத் தோட்டாவே தடை.

சன்னி, கிஸ்மோ தலை வெள்ளையாக நாலஞ்சு வருஷம் ஆகும், அது வரைக்கும் பழுப்பு கலர்ல எங்க எங்கயோ சுத்தும். அடுத்த ஈடு பாக்கணும்னு நினைக்கறவங்க ஜனவரி நடுவுல இருந்து கேமராவைத் திறந்து வைக்கலாம், அங்க காலை 6 மணின்னா நமக்கு ராத்திரி 7:30, மார்ச்ல அவங்க கடிகாரத்தை மாத்தினதும் சாயந்திரம் 6:30. விடிஞ்சதும் முதல் தீனி வரும். புயல் எச்சரிக்கை இருக்கற ராத்திரில மட்டும் மனசு தாங்காதவங்க பாக்காம இருக்கறது நல்லது.